1:87-ல் மீட்டர் கேஜ் ஸ்டேஷன்: ஓட்டுக் கூரை, கல் பாலம், கையால் செய்யும் கட்டடங்கள் – ஆலோசனை வேண்டும்

மலைப்பாதை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. செங்கோட்டை – புனலூர் மீட்டர் கேஜ் பாதையின் சாயலில் ஒரு லேஅவுட் (சிறிய அளவில் ஓடும் மாதிரி ரயில் பாதை) செய்கிறேன். 1904-ல் கொல்லம் வரை திறந்து, 2010-ல் அகலப்பாதைக்காக மூடிய அதே மலைப்பாதை. குறிப்பிட்ட ஊர் எதையும் அப்படியே எடுக்கவில்லை. மலையடிவாரத்தில் ஒரு லூப் லைன் (ரயில் ஒதுங்கி நிற்கும் பக்கப் பாதை) ஸ்டேஷன், காலம் 1980-கள், மெரூன் பெட்டிகள், கைகாட்டி சிக்னல்.

அளவு 1:87, தண்டவாள இடைவெளி 12 மி.மீ. முதல் பலகை 8 அடிக்கு 2 அடி. அதோடு எல் வடிவில் சேர 4 அடிக்கு 2 அடியில் இன்னொன்று. ஸ்டேஷன் கட்டடம், கேபின், இரண்டு குவார்ட்டர்ஸ், சிறிய குட்ஸ் ஷெட், கடைசியில் அந்தப் பாதையின் பதிமூன்று கண் (வளைவு) பாலத்தை நினைவூட்டும் ஒரு கல் பாலம். எல்லாமே கையால் செய்ய வேண்டியவை, இதற்கென்று கிட் எதுவும் கிடையாது.

மவுண்ட் போர்டில் (தடித்த அட்டை) ஸ்டேஷன் கட்டடத்துக்கு ஒரு மாதிரி செய்து பார்த்ததில் நான்கு சிக்கல்கள்:

அ) படங்கள் இருக்கின்றன, வரைபடம் இல்லை. அளவை எப்படி நம்பகமாக எடுப்பது?
ஆ) அக்ரிலிக் பெயின்ட் அடித்த மறுநாள் நீளச் சுவர் வில் மாதிரி வளைந்துவிட்டது.
இ) ஓட்டுக் கூரைக்கு அச்சடித்த தாள் ஒட்டினால் தட்டையாக, பொம்மை வீடு போலத் தெரிகிறது.
ஈ) ஜன்னல் பிளாஸ்டிக்கில் வெள்ளைப் புகை படிந்துவிட்டது. ஜன்னல் கம்பிகளும் சரியாக வரவில்லை.

இன்னொன்று: கோட் 75 தண்டவாளம் வாங்கலாமா, அது தடிமனாகத் தெரியுமா? செய்து பார்த்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

சுண்ணாம்புக்காரை எழுதியது:

வணக்கம் சார். அளவையும் சுவரையும் பற்றிச் சொல்கிறேன். கூரைக்கு என்னைவிடத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

அளவுக்கு வரைபடம் இல்லாவிட்டால் பரவாயில்லை. படத்துக்குள் அளவு தெரிந்த ஒரு பொருள் இருந்தால் போதும். பழைய ரயில்வே கட்டடங்களில் கதவு பெரும்பாலும் 7 அடி, அதாவது 2134 மி.மீ. படத்தில் கதவு 310 பிக்சல், சுவர் 2060 பிக்சல் என்று வைத்துக்கொண்டால் 2060 ÷ 310 × 2134 = 14.18 மீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 163 மி.மீ. ஆனால் ஒரே ஒரு பொருளை நம்பி இறங்காதீர்கள். கதவில் வந்த கணக்கை வேறொன்றால் சரிபார்க்க வேண்டும்: செங்கல் வரிசை (பழைய 9 × 4½ × 3 அங்குலக் கல்), படிக்கட்டு (ஒரு படி ஏறத்தாழ 6 அங்குலம்), கூரையில் ஓட்டு வரிசைகளின் எண்ணிக்கை. இரண்டு கணக்குக்கும் 3 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் படம் சாய்வாக எடுக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

புதிதாகப் படம் எடுப்பதாக இருந்தால் கட்டடத்துக்கு நேர் எதிரே, முடிந்தவரை தள்ளி நின்று, ஜூம் செய்து எடுங்கள். அருகில் நின்று அகலமாக எடுத்த படத்தில் நடுவில் ஒரு அளவும் ஓரத்தில் வேறு அளவும் வரும், அதைத் திருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அடிக்கடி தேவைப்படும் அளவுகள், 1:87-ல்: 9 அங்குலச் சுவர் 2.6 மி.மீ., 13½ அங்குலச் சுவர் 3.9 மி.மீ., கதவு 24.5 மி.மீ., 4 × 3 அடி ஜன்னல் 14 × 10.5 மி.மீ., சுவரின் அடியில் 3 அடிக் காவிப் பட்டை 10.5 மி.மீ. சுவர்த் தடிமனை விட்டுக்கொடுக்காதீர்கள். அந்தக் காலத்துக் கட்டடத்துக்குக் கனமே அழகு. ஜன்னல், சுவரின் வெளி முகத்திலிருந்து உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கும். அந்தக் குழியில் விழும் நிழல்தான் இது காரைச் சுவர் என்று கண்ணுக்குச் சொல்கிறது. 1.5 மி.மீ. அட்டை ஒன்றை மட்டும் வைத்தால் எவ்வளவு நன்றாகப் பெயின்ட் அடித்தாலும் அட்டைப் பெட்டியாகத்தான் தெரியும்.

இனி வளைவு. மவுண்ட் போர்டு காகித நார். ஒரு பக்கம் மட்டும் தண்ணீர்ப் பெயின்ட் பட்டால் அந்தப் பக்க நார் ஊறி விரியும், காயும்போது முன்பைவிட இறுக்கமாகச் சுருங்கும். மறுபக்கம் அப்படியே இருக்கிறது. இழுபறியில் சுவர் வளைகிறது. தீர்வு இதுதான்: தச்சர்கள் பாலிஷுக்கு வாங்கும் அரக்குச் செதில் 20 கிராமை 100 மில்லி ஸ்பிரிட்டில் ஒரு இரவு ஊறவைத்து, வெட்டிய துண்டுகளின் இரண்டு முகத்திலும் எல்லா ஓரத்திலும் ஒரு கை பூசுங்கள். ஸ்பிரிட் என்பதால் நார் ஊறாது. பத்து நிமிடத்தில் காயும். வெட்டிய ஓரங்களில் நிற்கும் பஞ்சு கெட்டியாகி, 400 உப்புத்தாளில் தேய்த்தால் கூர்மையாக வரும். அதற்குப் பிறகு என்ன பெயின்ட் வேண்டுமானாலும் அடிக்கலாம்.

2 மி.மீ. அட்டை இரண்டை ஒட்டினால் 13½ அங்குலச் சுவர் கிடைத்துவிடும். ஒட்டும்போது ஒரு துண்டை நீளவாக்கிலும் மற்றதைக் குறுக்குவாக்கிலும் ஷீட்டிலிருந்து வெட்டியிருக்க வேண்டும். பசையை முழுக்கத் தடவி, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே கனமான புத்தகம் ஏற்றி 24 மணி நேரம் விடுங்கள். மைதாப் பசை மட்டும் வேண்டவே வேண்டாம். ராமபாணப் பூச்சியும் கரப்பானும் இரண்டு மழைக்காலத்துக்குள் அதைத் தேடி வந்துவிடும்.

உள்ளே தடுப்புச் சுவர்களைக் கட்டாயம் வையுங்கள். ஸ்டேஷன் மாஸ்டர் அறை, காத்திருப்புக் கூடம், பார்சல் அறை என்று 160 மி.மீ. நீளத்துக்கு இரண்டு தடுப்பு போதும். சுவரை நேராகப் பிடித்துக்கொள்ளும். அதே தடுப்பை மேலே முக்கோணமாக நீட்டினால் கூரை உட்கார இடமும் ஆயிற்று.

---

கைமரம் எழுதியது:

கூரைக்கு வருகிறேன். மலையாள நாட்டிலும் நம் தென்பகுதியிலும் ரயில்வே கட்டடத்தின் முகமே மங்களூர் ஓடுதான், அதனால் இதற்கு நேரம் ஒதுக்குங்கள். சுவருக்கு ஒரு நாள் என்றால் கூரைக்கு நான்கு நாள் வைத்துக்கொள்ளலாம்.

அச்சடித்த தாள் ஏன் தோற்கிறது? ஓட்டுக் கூரையை நாம் நிறத்தால் அடையாளம் காண்பதில்லை, நிழலால்தான் காண்கிறோம். ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசைமேல் ஏறி நிற்கும் படி, மேலிருந்து கீழாக ஓடும் வரப்பு, இந்த இரண்டும் நிஜமாகவே மேடு பள்ளமாக இருக்க வேண்டும்.

கணக்கு: மங்களூர் ஓடு ஏறத்தாழ 410 × 235 மி.மீ. ஒன்றின்மேல் ஒன்று ஏறியது போக வெளியே தெரிவது ஏறத்தாழ 320 × 210 மி.மீ. நம் அளவில் 3.7 × 2.4 மி.மீ. உங்கள் கட்டடம் 6 மீட்டர் அகலம் என்றால் 69 மி.மீ., அதில் பாதி 34.5. இறவாணம் (கூரையின் கீழ் விளிம்பு) 2 அடி வெளியே நீட்டினால் இன்னும் 7. ஆக 41.5 மி.மீ. கூரைச் சாய்வு 30 டிகிரி என்றால் சாய்வு நீளம் 48 மி.மீ., அதாவது 13 வரிசை. இரண்டு பக்கமும் சேர்த்து 26. படத்தில் வரிசைகளை எண்ணிப் பாருங்கள், 13-க்கு அருகில் வந்தால் உங்கள் அளவு சரி. 9 வந்தால் எங்கேயோ பிசகு.

செய்முறை. ஹோட்டலில் பார்சல் கட்டித் தரும் அலுமினிய டப்பா இருக்கிறதே, அதன் தட்டையான அடிப்பாகம்தான் பொருள். காகிதத்தில் அழுத்தினால் திரும்பத் தட்டையாகப் பார்க்கும், அலுமினியம் கொடுத்த வடிவத்தை வைத்துக்கொள்ளும். ஒரு தட்டையான அக்ரிலிக் துண்டில் 0.5 மி.மீ. கம்பிகளை 2.4 மி.மீ. இடைவெளியில் இணையாக ஒட்டுங்கள். இருபது கம்பி போதும், அச்சு ஏறத்தாழ 46 மி.மீ. அகலம் வரும். இதில் மட்டும் அவசரப்படக் கூடாது. இடைவெளி பிசகினால் கூரை முழுவதும் அந்தப் பிசகு ஓடும். இடையில் வைத்து எடுக்க 1.9 மி.மீ. தடிமன் உள்ள ஏதாவது ஒரு பட்டையைத் தயார் செய்துகொண்டால் எல்லாம் ஒரே சீராக வரும்.

அலுமினியத்தை அச்சின்மேல் வைத்து, பள்ளிக்கூட ரப்பரால் நடுவிலிருந்து வெளியே அழுத்தித் தேயுங்கள். நகத்தால் தேய்த்தால் கிழியும். வரப்பு விழுந்த தகட்டை, வரப்புக்குக் குறுக்காக 5 மி.மீ. பட்டைகளாக வெட்டுங்கள். புதுப் பிளேடு வேண்டும். மழுங்கிய பிளேடு வெட்டுவதோடு நிற்காமல் வரப்பையும் நசுக்கும். 5 மி.மீ. பட்டையில் 3.7 வெளியே தெரியும், 1.3 மேல் வரிசைக்கு அடியில் போகும்.

கூரைப் பலகை 1 மி.மீ. அட்டை. அதில் 3.7 மி.மீ.க்கு ஒரு பென்சில் கோடு. கீழிருந்து மேலே ஒட்டிக்கொண்டு போங்கள். பலர் தவறவிடுவது முதல் வரிசை. அதற்கு அடியில் தாங்க வேறு ஓடு இல்லாததால் அது மட்டும் தொங்கிப்போய்த் தெரியும். இறவாண ஓரத்தில் 0.4 மி.மீ. காகிதப் பட்டை ஒன்றை முதலில் ஒட்டி, அதன்மேல் முதல் வரிசையை வைத்தால் சாய்வு எல்லா வரிசைக்கும் ஒன்றாக இருக்கும். நிஜக் கூரையிலும் கடைசி ரீப்பரைக் கொஞ்சம் உயர்த்தித்தான் அடிப்பார்கள், அதே காரணம்.

வரப்புகள் முகட்டிலிருந்து இறவாணம் வரை நேர்கோடாக ஓட வேண்டும். ஒரு பட்டை அரை மி.மீ. நகர்ந்தாலும் கண்ணில் குத்தும். ஒவ்வொரு நான்காவது வரிசைக்கும் மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள். முகட்டு ஓட்டுக்கு 3 மி.மீ. குழாயை நெடுவாக்கில் பாதியாக வெட்டி, 4 மி.மீ.க்கு ஒரு கீறல். கீறலில் சாம்பல் கலந்த வெள்ளை, அதுதான் காரைப் பூச்சு.

பெயின்டுக்கு முன் அலுமினியத்தின்மேல் உலோகப் பிரைமர் அவசியம், இல்லாவிட்டால் நகம் பட்டாலே உரியும். அடிநிறம் செம்பழுப்பு. பிறகு நூறு ஓட்டில் மூன்று நான்கை மட்டும் புது ஓட்டின் ஆரஞ்சில் தொட்டு வையுங்கள். உடைந்த ஓட்டை மாற்றிய இடம் அது. மழை அதிகம் உள்ள பாதை என்பதால் கீழ் வரிசைகளில் கருப்பும் பாசிப் பச்சையும் கூடுதலாக வேண்டும். மரத்தடியில் உள்ள பக்கம் இன்னும் கருப்பு.

கடைசியாக, இறவாணத்தின் அடியில் கைமரங்கள் (கூரையைத் தாங்கும் சாய்வுச் சட்டங்கள்) வெளியே தெரிய வேண்டும். 0.9 மி.மீ. சதுரக் குச்சி, 7 மி.மீ.க்கு ஒன்று. பிளாட்பாரம் பக்கம் லேஅவுட்டின் விளிம்பை நோக்கி இருந்தால் பார்ப்பவர் கண் நேராக அங்கேதான் போகும்.

---

குறுக்குக்கட்டை எழுதியது:

தண்டவாளக் கேள்விக்குப் பதில். கோட் 75 என்றால் உயரம் 0.075 அங்குலம், 1.9 மி.மீ. அதை 87-ஆல் பெருக்கினால் 166 மி.மீ. நம் மீட்டர் கேஜில் ஓடியது 60 பவுண்டு, 75 பவுண்டு (ஒரு கெஜ நீளத்தின் எடை) தண்டவாளங்கள். உயரம் முறையே 114, 129 மி.மீ. ஆக, கோட் 75 கண்ணுக்குத் தடிமனாகத் தெரிவது உங்கள் பிரமை அல்ல. கோட் 55 (1.4 மி.மீ., நிஜ அளவில் 122) இரண்டுக்கும் நடுவில் சரியாக உட்காரும்.

ஆனால் எல்லா இடத்திலும் கோட் 55 போட வேண்டிய அவசியமில்லை. பிளாட்பாரம் எதிரே பார்வைக்கு வரும் பகுதியில் மட்டும் கையால் போடுங்கள். மறைவாக இருக்கும் யார்டில் பீக்கோவின் 12 மி.மீ. கோட் 75 தாராளமாகப் போதும். அதன் குறுக்குக்கட்டை அமைப்பு ஐரோப்பிய மீட்டர் கேஜுக்கானது, மறைவில் அது யாருக்கும் தெரியாது. இரண்டும் சேரும் இடத்தில் அரை மி.மீ. உயர வித்தியாசம் வரும். கோட் 55-க்கு அடியில் அட்டை கொடுத்து, தண்டவாளத்தின் தலைமட்டத்தை விரலால் தடவிப் பார்த்துச் சமன் செய்யுங்கள்.

கையால் போடும்போது: மீட்டர் கேஜ் மரக்கட்டை 6 அடி × 8 அங்குலம், நமக்கு 21 × 2.3 மி.மீ. 12 மீட்டர் தண்டவாளத்துக்கு 19 கட்டை என்ற கணக்கில் 7.3 மி.மீ.க்கு ஒன்று. ஐந்தாவது கட்டைக்கு ஒன்றாக, தண்டவாளத்தைச் சால்டர் செய்யச் செம்பு பூசிய பிசிபி (மின்சுற்றுப் பலகை) பட்டை, மற்றவை மரம். பிசிபி பட்டையின் நடுவில் செம்பைக் கீறிப் பிரிக்க மறக்காதீர்கள், மறந்தால் இரண்டு தண்டவாளமும் ஷார்ட். சால்டர் உட்பக்கம் குவியக் கூடாது. ஆழமான விளிம்பு உள்ள பழைய சக்கரங்கள் அந்தக் குவியலில் ஏறிக் குதிக்கும். ஆசிட் ஃப்ளக்ஸ் வேண்டாம், ரோசின் போதும். ஆசிட் மிச்சம் இருந்தால் ஆறு மாதத்தில் பச்சை பூத்து இணைப்பு விட்டுவிடும்.

இடத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒய்டிஎம்-4 டீசல் எஞ்சின் ஏறத்தாழ 180 மி.மீ., பெட்டி ஒன்றுக்கு இணைப்போடு 230. நான்கு பெட்டி ரயில் 1100 மி.மீ. லூப்பில் அது முழுதாக நிற்க, இரண்டு பக்கமும் பாயிண்டும் (லைன் பிரியும் இடம்) அதைத் தாண்டிப் பக்கத்து லைனில் இடிக்காத தூரமும் சேர்த்து 1750 வரை போகும். 8 அடி என்பது 2438 மி.மீ. மிச்சம் இரு பக்கமும் சேர்த்து 690 தான். அதற்குள் பாலத்தையும் திணித்தால் மூச்சு முட்டும். பாலம் முழுக்க 4 அடிப் பலகைக்குப் போகட்டும். அல்லது மூன்று பெட்டியோடு நிறுத்துங்கள், லூப் 230 மி.மீ. குறையும்.

வளைவின் ஆரம் 600 மி.மீ.க்குக் கீழே போகாதீர்கள். நீளப் பெட்டி வளைவில் நடுவில் உள்ளேயும் முனையில் வெளியேயும் தள்ளும். போகி (பெட்டிக்கு அடியில் உள்ள சக்கரச் சட்டம்) மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை இருமடியாக்கி, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் நடுத் தள்ளல் கிடைக்கும். 157 மி.மீ. போகி தூரம், 600 ஆரம் என்றால் 5.1 மி.மீ. பாலத்தின் கைப்பிடிச் சுவரையும் வளைவில் உள்ள பிளாட்பார ஓரத்தையும் இதைக் கணக்கிட்ட பிறகே ஒட்டுங்கள். ஒட்டியபின் பெட்டி உரசினால் பெயர்த்தெடுப்பதைத் தவிர வழியில்லை.

ஜல்லி: 50 மி.மீ. ஜல்லி நமக்கு 0.6 மி.மீ.க்கும் குறைவு. எம்-சாண்டை இரண்டு சல்லடையில் சலித்து 0.3–0.6 மி.மீ. பகுதியை மட்டும் எடுங்கள். தண்ணீரில் நாலைந்து முறை கழுவித் தூசியை ஓட்டுங்கள், இல்லாவிட்டால் பசை பட்டதும் சேறு போல ஆகும். காய்ந்தபின் காந்தத்தை அதன்மேல் மெதுவாக நகர்த்துங்கள். மணலில் கருப்பாக இரும்புத் துகள் இருக்கும், அது எஞ்சின் மோட்டாரின் காந்தத்துக்குள் போய் ஒட்டிக்கொண்டால் மோட்டார் போச்சு. பசை, வெள்ளை ஃபெவிகால் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, பாத்திர சோப்பு இரண்டு சொட்டு. முதலில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தெளித்து நனைத்துவிட்டுத்தான் பசையைச் சொட்டு சொட்டாக விட வேண்டும். நனைக்காமல் விட்டால் பசை உருண்டையாக நின்று ஜல்லியைக் குழி பறிக்கும். பாயிண்ட் நாக்கு அசையும் இடத்தில் ஜல்லி வேண்டாம், நிறம் மட்டும் போதும்.

---

மலைப்பாதை எழுதியது:

மிக்க நன்றி. பாலத்தை 4 அடிப் பலகைக்கு மாற்றிவிட்டேன், மூன்று பெட்டிதான். கூரைக்கு அலுமினியம் என்று தோன்றவே இல்லை, அந்த முறையிலேயே செய்கிறேன். இரண்டு கேள்வி மிச்சம்: ஜன்னல், பாலம். பாலத்துக்கும் மவுண்ட் போர்டு போதுமா? பதிமூன்று கண்ணையும் வைக்க முடியுமா?

---

ஜன்னலோரம் எழுதியது:

ஜன்னல் பிளாஸ்டிக்கில் படிந்த வெள்ளை, சூப்பர் குளூவின் ஆவி. மூடிய கட்டடத்துக்குள் அது சுற்றி, வழவழப்பான பரப்பைத் தேடிப் படியும். கட்டடத்தில் எல்லா சூப்பர் குளூ வேலையும் முடிந்து ஒரு நாள் காற்றாட விட்டபிறகு, வெள்ளைப் பசையால் கண்ணாடியை ஒட்டுங்கள். பிளாஸ்டிக்குக்குப் பதில் ஆய்வகக் கடையில் கிடைக்கும் மைக்ராஸ்கோப் கவர் கிளாஸ் வாங்கினால் நிஜக் கண்ணாடியே வைக்கலாம். 22 மி.மீ. சதுரம், தடிமன் 0.15 அளவில்தான் இருக்கும். வைரமுனைப் பேனாவால் கீறி உடைக்கலாம், கண்ணுக்குக் கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் உங்கள் படங்களை இன்னொரு முறை பாருங்கள். இந்த மாதிரி ஸ்டேஷன்களில் பல ஜன்னலுக்குக் கண்ணாடியே கிடையாது. கம்பி, அதன் பின்னால் மரக் கதவு, அவ்வளவுதான். பாதி திறந்த கதவு ஒன்றை வைத்தால் கண்ணாடியைவிட உயிரோட்டமாக இருக்கும்.

கம்பிக்கு வழி: 8 மி.மீ. (எம்-8) முழு மரை உள்ள போல்ட் இரண்டு வாங்குங்கள். அதன் மரை இடைவெளி 1.25 மி.மீ., நிஜ அளவில் 109 மி.மீ., ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே இருக்கும் நாலரை அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட அதுவே. இரண்டு போல்ட்டையும் 40 மி.மீ. தள்ளி ஒரு மரச்சட்டத்தில் இணையாகப் பொருத்துங்கள். வீட்டு ஒயரிங் ஒயரைப் பிரித்து ஒரு இழையை எடுத்து, ஒரு முனையைக் கட்டிவிட்டு மறு முனையைக் குறடால் பிடித்து, லேசாக நீள்வது கையில் தெரியும் வரை இழுங்கள். அந்த ஒரு இழுப்பில் இழை நூல் பிடித்தது போல நேராகிவிடும். அதை இரண்டு போல்ட்டையும் சுற்றி, மரைப் பள்ளத்தில் விழும்படி சுற்றிக்கொண்டே போங்கள். முன்பக்கம் வரிசையாகக் கம்பிகள் 1.25 மி.மீ.க்கு ஒன்றாக நிற்கும். அதன்மேல் 0.25 மி.மீ. அட்டையில் வெட்டிய ஜன்னல் சட்டங்களை மெல்லிய பசையால் ஒட்டி, காய்ந்ததும் ஓரத்தைக் கத்தரித்து எடுங்கள். மறுபக்கக் கம்பிகளிலும் இதேபோல் ஒட்டலாம். சட்டங்களை ஒட்டுவதற்கு முன்பே கம்பிக்குப் பெயின்ட் அடித்துவிடுங்கள், பிறகு தூரிகை நுழையாது.

---

கருங்கல் எழுதியது:

பாலத்துக்கு மவுண்ட் போர்டு வேண்டாம். சுண்ணாம்புக்காரை சொன்னது கட்டடத்துக்குப் பொருந்தும், காரைச் சுவர் வழவழப்பானது. கல் பாலத்துக்கு மேற்பரப்பிலேயே கல் அமுங்க வேண்டும், அட்டையில் அது நடக்காது. சன்போர்டு என்று விளம்பரப் பலகைக் கடைகளில் விற்கும் பிவிசி ஃபோம் ஷீட், 5 மி.மீ. வாங்குங்கள். மழைக்காலத்து ஈரம் அதை ஒன்றும் செய்யாது. பிளாஸ்டிக் மாடல்களுக்கான பாலிஸ்டைரின் சிமென்ட் இதைக் கடிக்காது. சூப்பர் குளூ, அல்லது பிவிசி பைப் சொல்யூஷனை மெல்லியதாகத் தடவுங்கள்.

பதிமூன்று கண் பாலம் நூறு மீட்டருக்குச் சற்று அதிகம். 1:87-ல் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும், உங்கள் 4 அடிப் பலகையில் மலைக்கே இடமிருக்காது. கண்ணின் அளவைச் சுருக்காதீர்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள். தூண் உட்பட ஒரு கண்ணுக்கு ஏறத்தாழ 90 மி.மீ. ஐந்து கண் வைத்தால் 450. இரண்டு முனையும் மரத்துக்குப் பின்னால், மண்மேட்டுக்குப் பின்னால் மறைந்தால் இன்னும் கண்கள் இருப்பதாகவே தோன்றும். பதிமூன்றையும் குட்டி குட்டியாக வைத்தால் பக்கத்தில் ரயில் வந்ததும் பாலம் பொம்மையாகிவிடும்.

பாரத்தைத் தாங்குவது கல் அல்ல, பிளைவுட். 9 மி.மீ. பிளையை வளைவுக்கேற்ப வெட்டி மேல்தளம் போட்டு, தண்டவாளத்தை அதில் முடித்து, ரயில் ஓட்டிப் பார்த்தபிறகு இரு பக்கமும் ஃபோம் முகங்களை மாட்டுங்கள். கண்ணின் உட்புறத்துக்கு 0.5 மி.மீ. ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஷீட் வளைந்து கொடுக்கும்.

வளைவுக் கற்களை முதலில் வரையுங்கள். கண் 70 மி.மீ. அகல அரைவட்டம் என்றால் சுற்றளவு 110 மி.மீ. 31-ஆகப் பிரித்தால் கல் ஒன்று 3.5 மி.மீ., நிஜத்தில் ஒரு அடி. எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும், அப்போதுதான் நடுவில் ஒரு கல் வந்து உட்காரும். கோடுகள் எல்லாம் வட்டத்தின் மையத்தை நோக்கியவை. செங்குத்தாகக் கீறிவிட்டால் வளைவு இடிந்து விழப்போவது போல இருக்கும், கட்டடம் தெரிந்தவர் பார்த்த உடனே பிடித்துவிடுவார். மற்ற வரிசைகள் 3 முதல் 3.5 மி.மீ. உயரம், இணைப்புகள் ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று வரக் கூடாது.

கீறுவதற்குப் பிளேடு வேண்டாம். மை தீர்ந்த 0.7 பால்பாயிண்ட் பேனா. பிளேடு வெட்டும், பேனா அமுக்கும். அமுக்கிய கோட்டின் இரு ஓரமும் லேசாக உருண்டு, நிஜக் கல்லின் விளிம்பு மாதிரியே வரும். எல்லாக் கோடும் முடிந்தபின் ஒரு சொரசொரப்பான கருங்கல் துண்டை எடுத்து அங்கங்கே அழுத்துங்கள். சில கற்களை மட்டும் பேனா முனையால் கூடுதலாக அமுக்கினால் வரிசை உயிர் பெறும்.

நிறம்: மேல்பரப்பை 600 உப்புத்தாளால் லேசாக மங்கச் செய்துவிட்டு நடுத்தரச் சாம்பல். பத்துக் கல்லுக்கு ஒன்றில் சற்று நீலம், ஒன்றில் சற்றுப் பழுப்பு. காய்ந்தபின் வெளிர் சாம்பலைத் தண்ணீராகக் கரைத்து முழுக்கப் பூசி, அரை நிமிடத்தில் ஈரத் துணியால் கோணலாகத் துடையுங்கள். நிறம் இணைப்புகளில் மட்டும் தங்கும். கோட்டின் திசையிலேயே துடைத்தால் அதுவும் வெளியே வந்துவிடும். தூண்களின் அடியிலும், மேலிருந்து தண்ணீர் வடியும் இடங்களிலும் கருப்பும் பாசியும்.

மலைக்கு நீலநிற எக்ஸ்பிஎஸ் ஃபோமோ தெர்மோகோலோ பயன்படுத்தினால் அதன் அருகில் ஸ்பிரே கேன் அடிக்காதீர்கள். கரைப்பான் அதைத் தின்றுவிடும். தூரிகையும் அக்ரிலிக்கும் போதும்.

---

கைகாட்டி எழுதியது:

கேட்கவில்லை என்றாலும் இரண்டு விஷயம் சேர்க்கிறேன், கட்டடத்தை ஒட்டிய பிறகு செய்ய முடியாதவை என்பதால்.

விளக்கு. 12 வோல்ட்டில் எல்இடிக்கு 1 கிலோ ஓம் போட்டால் ஸ்டேஷன் கல்யாண மண்டபம் மாதிரி எரியும். மஞ்சள் கலந்த வெள்ளை எல்இடி, 4.7 கிலோ ஓம், ஏறத்தாழ 2 மில்லி ஆம்பியர்; அந்தக் காலத்துக் குண்டு பல்பின் மங்கல் கிடைக்கும். சுவரின் உட்பக்கம் முதலில் கருப்பு, அதன்மேல் அறையின் நிறம். கருப்பு இல்லாவிட்டால் இருட்டில் அட்டைச் சுவரே ஒளிரும், மூலைகளில் கீற்றுக் கீற்றாக வெளிச்சம் கசியும்.

கைகாட்டி. நம் பழைய சிக்னல் கீழே இறங்கும் வகை: படுக்கையாக இருந்தால் நில், சாய்ந்து இறங்கினால் போ. கை 4 அடி, அதாவது 14 மி.மீ., 0.25 மி.மீ. பித்தளைத் தகடு. முன்பக்கம் சிவப்பில் முனைக்கு அருகே வெள்ளைப் பட்டை, பின்பக்கம் வெள்ளையில் கருப்புப் பட்டை. வார்னர் (முன்னறிவிப்பு சிக்னல்) கைக்கு முனை மீன்வால் மாதிரி வெட்டியிருக்கும், பட்டையும் அதே வடிவில். கையை அசைக்க எஸ்ஜி-90 என்ற சிறிய செர்வோ மோட்டார் போதும், 0.4 மி.மீ. கம்பியால் இழுக்கலாம். கை நின்றபிறகும் செர்வோ முனகிக்கொண்டே இருந்தால், அசைவு முடிந்ததும் அதற்குப் போகும் சைகையை நிரலில் நிறுத்திவிடுங்கள்.

ஊர்ப்பெயர்ப் பலகையை லேசர் பிரின்டில் எடுங்கள், இங்க்ஜெட் அச்சில் எழுத்தின் ஓரம் கசியும். மஞ்சள் பின்னணி, கருப்பு எழுத்து, தமிழ் மேலே.

---

சுண்ணாம்புக்காரை எழுதியது:

இன்னும் ஒன்று சார், கட்டடத்தைப் பலகையில் வைப்பது. தரைமேல் அப்படியே வைத்தால் சுவருக்கு அடியில் மயிரிழை இடைவெளி கருப்புக் கோடாகத் தெரியும், மற்ற உழைப்பெல்லாம் அங்கே வீணாகும். கட்டடத்தை 2 மி.மீ. அடித்தட்டின்மேல் கட்டுங்கள். தட்டு சுவரைவிட எல்லாப் பக்கமும் 10 மி.மீ. பெரியதாக இருக்கட்டும். பலகையில் அதே அளவுக்கு 2 மி.மீ. பள்ளம் விட்டுவிட்டு மீதியை மண்ணால் நிரப்பினால் தட்டு தரையோடு சமமாக இறங்கும். ஓரத்து இணைப்பை மண் தூவி மூடலாம், ஆனால் ஒட்டாதீர்கள். விளக்கு கெட்டாலோ செர்வோ ஒயர் விட்டாலோ கட்டடத்தைத் தூக்கி எடுக்க வேண்டியிருக்கும். ஒயருக்குத் தட்டின் நடுவில் 8 மி.மீ. துளை, அதற்கு நேர் கீழே பலகையில் 12 மி.மீ. துளை. மூங்கில் குச்சி இரண்டை அடித்தட்டில் ஊன்றிப் பலகையில் துளையிட்டு வைத்தால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து உட்காரும்.